கொசுறாக ஒரு முட்டைக்கோஸ்

"என் மானத்துக்கு எழுவது வெள்ளின்னு வெல போட்டுட்டாங்க தம்பி, இந்தக் கோயில்காரங்க! தீபாவளி ஹேம்பராம், இனாம் மளிகைச் சாமான். வந்த வேகத்துல திருப்பி அனுப்பிட்டேன் லா!"

லயத்து வீட்டு வாசலில் நின்று முழங்கினாள் மணியம்மா. தோட்டத்தில் வேலை செய்த கணவர் கருப்பையாவுக்குக் கால் முறிந்து, இரண்டு மாதமாகச் சம்பளமில்லை. விடிந்தால் தீபாவளி. வீட்டில் முறுக்கு சுட ஒரு பிடி மாவு கிடையாது. ஆனாலும், இனாம் என்று எதுவும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை.

வியாபாரத்துக்கு வந்த காளிமுத்து தன் காய்கறி லோரியின் பின்கதவைத் திறந்தான்.

"அத விடுங்கக்கா. அரிசி, பருப்பு, எண்ணெய், முறுக்கு மாவு எல்லாம் இந்தப் பெட்டியில இருக்கு. எம்பது வெள்ளி."

"காய்கறி லோரியில ஏதுடா அரிசி?"

"தீபாவளிக்கு ஓடும்னு எடுத்தேன். கோலா தெர்லாவுல ஒருத்தரும் சீண்டல. ஏவாரமே படுத்துருச்சுக்கா."

"பத்து வெள்ளி."

"பத்து வெள்ளிக்கு அரிசிப் பை வரும். உள்ள அரிசி வராது."

"அப்ப நீயே பொங்கித் தின்னு." மணியம்மா திரும்பி நடந்தாள்.

காளிமுத்து பின்னாலேயே இரண்டு எட்டு ஓடினான். "நில்லுங்கக்கா! அறுவது!"

சட்டென்று விலையில் இறங்கவும் முடியாது. இறங்கினால் பொருளில் கோளாறு என்று மோப்பம் பிடித்துவிடுவாள்.

"பன்னண்டு."

"லோரிக்கு எண்ணெய் போட வேணாமாக்கா?"

"இனிமே எறக்கந்தானே? சும்மாவே உருளும்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் மணியம்மாவுக்கு இன்னும் தெம்பு வந்தது. நாற்பது, முப்பது, இருபத்தைந்து என்று காளிமுத்து தள்ளாடி இறங்கினான். அவளோ பதினைந்தில் ஆணியடித்தது போல நின்றாள்.

"சரி, எடுங்க. எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து பதில் சொல்லுங்க."

"கொசுறு?"

"இதுக்கும் கொசுறா!"

"முட்டைக்கோஸ் ஒண்ணு போடு. வெள்ளையா இருக்கே, அது."

போட்டான். காசை வாங்கும்போது அழாத குறையாக மூக்கை உறிஞ்சினான். மணியம்மா அவன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏங்க, காளிமுத்து தலையில நல்லா மொளகா அரைச்சுட்டேன்!"

கட்டுப்போட்ட காலோடு கருப்பையா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

லோரி கியா பார்ம் வளைவுக்கு வந்தபோது காளிமுத்துவின் போன் அடித்தது. கோயில் பொருளாளர் உமாதேவி.

ஓரமாக நிறுத்தினான். "முடிச்சுட்டேம்மா! நீங்க குடுத்த அதே ஹேம்பர்தான். பெட்டியை மட்டும் மாத்தினேன். சந்தேகமே வரல. பதினஞ்சு வெள்ளிய உண்டியல்ல போட்டுர்றேன்."

மறுமுனையில் உமாதேவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அண்ணே, மணியம்மாக்கா இப்பத்தான் போன் பண்ணாங்க. 'காளிமுத்து நொடிச்சுப் போயிட்டான், பாவம். வந்த வெலைக்கு விக்கிறான், கண்ணெல்லாம் கலங்கிருச்சு. நான் திருப்பி அனுப்பின ஹேம்பர அவன் வீட்டுக்குக் குடுத்துருங்க. கேட்டா வாங்க மாட்டான், மானஸ்தன், நைசா குடுங்க'ன்னாங்க!"

ஆகக் கோயில் கணக்கில் வரவு பதினைந்து வெள்ளி. கொடுக்கவேண்டிய பாக்கி, காளிமுத்து வீட்டுக்கு ஒரு ஹேம்பர்.