ஒரு குப்பிக்கு ஐந்து பேர்

"ஒரு குப்பியில அஞ்சு பேருக்கு மருந்து. நாய் கடிச்ச அஞ்சு பேர் சேர்ந்தாத்தான் பெட்டியத் திறப்பேன். வெளிநாட்டு உதவி, ஒரு சொட்டு வீணாகக் கூடாது" என்றார் கண்காணிப்பாளர் ரெஜினோல்ட், தேநீரை உறிஞ்சியபடி.

நர்ஸ் ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தின் குளிர்பெட்டி, ரெஜினோல்டின் கட்டைவிரல் ரேகைக்கு மட்டும்தான் திறக்கும். எதிரே ஆறு வயது டிலானி, கடிபட்ட கன்னத்தோடு அம்மா மடியில் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"முகத்துல கடி, சார். தாமதிச்சா பிள்ளை செத்துரும்."

"அப்ப இன்னும் நாலு பேரைத் தேடிப் பிடிங்க, மிஸ்ஸி. விதியை மீறின பக்கத்துத் தோட்டத்துக்கு உதவியே நின்னுபோச்சு, தெரியும்ல?"

கதவு படாரென்று திறந்தது. காலையில் இதே விதியைக் கேட்டுவிட்டு வெளியேறியிருந்த டிலானியின் அப்பா சன்னாசி உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். தோளில் கிடந்த கொழுந்துச் சாக்கை இறக்கினார். சாக்கு துள்ளியது. உள்ளே உறுமல்.

"அதே நாய்தாங்க, தொர." சாக்கின் கயிற்றில் கை வைத்தார். "எம் புள்ளை ஒண்ணு. அப்புறம் நானு, எம் பொஞ்சாதி, மிஸ்ஸி, நீங்க. அஞ்சு பேர் ஆச்சுங்களா?"

"மிஸ்ஸி! இவனைப் பிடிங்க!" ரெஜினோல்ட் குளிர்பெட்டியோடு ஒட்டிக்கொண்டார்.

ஜெசிந்தா சாவகாசமாக ஊசியின் உறையைப் பிரித்தாள்.

"கடி வாங்க நீங்க முதல்லயா, கடைசியிலயா சார்?"

கயிற்றின் முதல் முடிச்சு அவிழ்ந்தது.

"ஒருத்திக்காகக்கூடத் திறக்கலாம்! விதியில இடமிருக்கு!" என்று அலறியபடி அவர் கட்டைவிரலைப் பெட்டியில் அழுத்தினார்.