பெருவிரல்

“பிருந்தன் என்ன சொல்லுறார் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்கினது, றஜி அண்ணை.”

வாசலில் சப்பாத்தைக் கழற்றிப் பனியைத் தட்டிக்கொண்டிருந்த றஜிந்தன் நிமிர்ந்தான்.

“என்ன வசந்தி, திரும்பவும் அண்ணையே?”

அவன் கலியாணம் கேட்டு ஒரு மாதமாகிறது. அன்றிலிருந்து வசந்தினி ‘அண்ணை’யை விட்டு, வெறும் ‘றஜி’ என்று கூப்பிடக் கஷ்டப்பட்டுப் பழகியிருந்தாள். ஆனால் பிருந்தனின் சம்மதம் இல்லாமல் பதில் சொல்லமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். செத்துப்போன புருஷனிடம் சம்மதம் வாங்க எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாமல் றஜிந்தன் தவித்துக்கொண்டிருந்தான்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த அந்தச் சின்ன வீட்டின் கூடத்தில் பிருந்தனின் படம் தொங்கியது. கரீபியன் கடலுக்கு அடியில், செங்குத்தாக இருட்டுக்குள் இறங்கும் பவளப்பாறைச் சுவர். அதன் அருகே, முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் கண்ணாடியுமாகப் பிருந்தன். கண்கள் பெரிதாக விரிந்திருந்தன. வலது கைப் பெருவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான்.

படம் எடுத்தவன் றஜிந்தன். நண்பர்கள் இருவரும் சேர்ந்து சுழியோடிய கடைசி நாள் அது. மேலே வந்தது ஒருவன்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

“கடைசியா என்ன சொன்னவர் எண்டு உங்களை அண்டைக்குக் கேட்டன். ஞாபகம் இருக்கே?”

“ஓம். ‘சூப்பர் மச்சான்’ எண்டு விரலைக் காட்டினவன். சந்தோசமாத்தான் இருந்தவன், வசந்தி. பிறகு நான் திரும்பிப் பாக்க ஆளைக் காணேல்ல. நீரோட்டம் இழுத்துப்போட்டுது.”

சந்தோசமாக இருந்தான் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருடம் உயிரோடு இருந்தாள்.

“கனவிலயும் அதே விரல்தான். உங்கட பேரைச் சொன்ன உடன காட்டுவார். முந்தி ஒரு கை. நேற்று ரெண்டு கையும். ஆட்டி ஆட்டிக் காட்டினவர். வாயைத் திறந்தால் குமிழிதான் வருது.”

றஜிந்தனுக்கு முதுகு சில்லிட்டது. வெளியே மைனஸ் இருபது, அதனாலும் இருக்கலாம். சமாளித்துச் சிரித்தான்.

“ரெண்டு கையும் எண்டால் ரெட்டைச் சம்மதம்.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன். கலியாணம் முடிய அந்த இடத்துக்குப் போய்ப் பூப் போடுவம் எண்டு சொன்னனீங்கள் எல்லே? படகில இருந்து எறியாமல், கீழ போய் அந்தச் சுவரிலயே வைப்பம் எண்டு எனக்கொரு ஆசை.”

“அதெல்லாம் உன்னால ஏலாது.”

“ஏலும். புவாண்ட்-கிளேர் நீச்சல் குளத்தில சுழியோடப் பழகுறன். இண்டைக்குக் காலமைதான் முதல் வகுப்பு.”

றஜிந்தனின் கையிலிருந்த சப்பாத்து கீழே விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணிக்குள்ள கதைக்க ஏலாதுதானே? முதல்ல சைகைதான் பழக்கிச்சினம். ‘நல்லா இருக்கிறன்’ எண்டால் இப்பிடி.”

சுட்டுவிரலையும் பெருவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். பிறகு அந்த வட்டத்தைக் கலைத்து, படத்தில் இருந்தவனைப் போலவே பெருவிரலை மட்டும் உயர்த்தினாள்.

“இப்பிடிக் காட்டினால் சூப்பர் எண்டு அர்த்தமில்லை. பத்து வருசமாச் சுழியோடுற உங்களுக்குத் தெரியாதே, றஜி அண்ணை? ‘என்னை மேல கொண்டு போ’ எண்டு கேட்ட என்ர மனிசனைப் படம் எடுத்துப்போட்டு, நீங்கள் மட்டும் மேல வந்தனீங்கள்!”