பரிசோதனைக்குப் போன தண்ணீர்

பரிசோதனைக் கூடத்துப் பெண் தாளை நீட்டினாள். “இந்தத் தடவையும் சுத்தம்னுதான் வந்திருக்கும்மா.”

தையல்காரி தாளை வாங்கிப் பார்த்தாள். “குழாயில மஞ்சளா, நாத்தத்தோட வருதுங்க. என் பொண்ணு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில கிடந்துட்டா.”

“உங்க வீட்டுக் குழாய்ல பிடிச்சதுதானே?”

“என் கையாலதாங்க பிடிச்சு அனுப்புறேன்.”

“மூணு தடவை பாத்தாச்சு. தண்ணி நல்லா இருக்குன்னு உங்க தெருவோட புதுக் குழாய் மனுவையும் நகராட்சியில தள்ளுபடி பண்ணிட்டாங்க.”

தையல்காரி பஸ்ஸுக்குக் காத்திருந்து, கூட்டத்தில் நின்றுகொண்டே பயணம் செய்து, வீடு வந்து சேர்ந்தாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த மாமியார், பேத்திக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா சொன்னாங்க?”

“சுத்தமான தண்ணியாம், அத்தை.”

மாமியாரின் முகம் மலர்ந்தது. “பின்னே? நீ பாட்டுக்கு அந்த மஞ்சத் தண்ணியைப் பிடிச்சு என் கையில குடுத்துடறே. படிச்சவங்க கையில அதையா குடுக்கறது? நம்மள என்ன நினைப்பாங்க? மூணு தடவையும் வழியிலேயே கொட்டிட்டு, நான் பாத்திரம் தேய்க்கிற வீட்டுல நல்ல தண்ணியா கேட்டு வாங்கி ஊத்திக் குடுத்தேன்.”