கூடப் போன ஆள்

"அபிசீனியாவுல எம்மக கண்ணு கலங்காம இருப்பாளா? அத மட்டும் சொல்லுங்க."

ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் பிடித்து விஸ்வநத்தம் வந்திருந்தார் பெத்தணன். மகள் பொன்னுத்தங்கத்தைக் கேட்டு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை அபிசீனியாவில் வாத்தியார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சீமையிலிருந்து லீவில் வந்திருக்கும் கருத்தப்பாண்டியை விசாரிக்காமல் வாக்குக் கொடுப்பதாவது! மகளையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

கருத்தப்பாண்டி தானே காபி போட்டு, ஆற்றிக் கொண்டுவந்து நீட்டினார். சீமைப் பழக்கம் போலும் என்று பெத்தணன் நினைத்துக்கொண்டார்.

"பொண்ணு இங்கன என்ன பண்ணுது?"

"பட்டாசுக் கம்பெனி ஆபீசுல டைப் அடிக்கேன்" என்றாள் பொன்னுத்தங்கம்.

"அங்கன அது நடக்காது தாயி. வேலைக்குப் போறவுகளுக்கு ஒரு விசா, கூடப் போறவுகளுக்கு வேற விசா. கூடப் போன ஆளு வேலை பாக்கக்கூடாதுன்னு அதுல முத்திரையே குத்தியிருக்கும்."

"பெறகு பொழுது எப்பிடிப் போகும்?" என்று கேட்டார் பெத்தணன்.

"எங்க போகுது? அங்கனயே நிக்கும்." கருத்தப்பாண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "காலையில டிபன் கட்டிக் குடுத்துட்டு, வாசல்ல நின்னு கையாட்டணும். பெறகு வீட்டப் பெருக்கணும். பெருக்கின வீட்டையே இன்னொருக்காப் பெருக்கணும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து மணி அடிச்சா ஜன்னல்ல மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கணும். சோறு குழைஞ்சிருந்தா அதுக்கு வேற பேச்சு வாங்கணும்."

"அம்புட்டுத்தானா?"

"கடையில பாஷை தெரியாது. உப்பு வேணும்னு நாக்கத் தொட்டுக் காமிச்சா, நாக்குல புண்ணுன்னு மருந்துக் கடைக்கு வழி சொல்லுவான். மொத ஆறு மாசம் அடுப்படியில உக்காந்து அழுகைதான். என்னன்னு கேட்டா, வெங்காயம்னு சொல்லிக்கிடுறது."

பெத்தணன் துண்டால் கண்ணைத் துடைத்தார். தவமிருந்து பெற்ற ஒரே பெண். அவளையா இப்படிக் கப்பலேற்றி அனுப்புவது?

பொன்னுத்தங்கம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ஐயா, அங்கன எனக்கும் ஒரு டைப் வேலைக்கு மாப்பிள்ளைய உத்தரவு வாங்கச் சொல்லுங்க. அந்தக் காயிதம் வந்த பெறகு தாலி. முடியாதுன்னா அவுக வேற பொண்ணு பாத்துக்கிடட்டும்."

"அப்பிடிப் போடு தாயி! இந்தப் புத்தி எங்க வீட்டுல ஒருத்தருக்கும் இல்லாமப் போச்சே" என்று தொடையைத் தட்டினார் கருத்தப்பாண்டி.

மகள் சொன்னதே முடிவு என்று பெத்தணன் எழுந்தார். மனசு லேசாகிவிட்டது.

"ஒங்க வீட்டம்மாதான் பாவம், எம்புட்டுப் பாடு பட்டிருக்காக! கொஞ்சம் கூப்பிடுங்க. அந்த மகராசியக் கும்பிட்டுட்டுப் போறோம்."

கருத்தப்பாண்டி தலையைச் சொறிந்தார்.

"அவ விருதுநகர் பள்ளிக்கூடத்துல பேசப் போயிருக்கா. அபிசீனியாவுல டீச்சர் வேலை பாக்கிறது அவதான்."

அடுப்படியில் மூடி தடதடத்தது. பதறிப்போய் உள்ளே ஓடியவரின் குரல் மட்டும் வந்தது.

"கூடப் போன ஆளு நாந்தாங்க... ஐயையோ, சோறு குழைஞ்சிருச்சே!"