வாசல் பெயர்ப்பலகை

ஆனந்தவள்ளி தன் நர்ஸ் சம்பளத்தில் மேலகரத்தில் கட்டிய வீட்டு வாசலில், செத்து மூன்று வருடமான மாமனாரின் பெயர்தான் இருந்தது. பெயர் பொறிக்கும் லேசர் மெஷின் வாங்கியதும் முதல் வேலையாக அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, அக்ரிலிக் ஷீட்டில் தன் பெயரைப் பொறித்தாள். கீறல் விழாமலிருக்க ஷீட்டின் மேலே ஒட்டியிருந்த தாளில் அவள் பெயர் சரியாகத்தான் விழுந்திருந்தது. தாளை உரித்தால், அடியில் ‘சுடலைமுத்து’ என்று மாமனார் பெயர் இருந்தது.

“அப்பாவுக்குப் பிடிக்கல. விட்டுரு வள்ளி,” என்றான் கணவன் இசக்கிராஜா.

“இன்னும் எட்டு ஷீட் கெடக்கு. பாத்துருதேன்.”

எட்டாவது ஷீட்டில் ‘ஆனந்தவள்ளி’ வந்தது. வாசலில் மாட்டிவிட்டு உள்ளே வந்தாள். மாலை போட்ட மாமனார் படத்தின் கீழே அவர் பெயர் இருந்த இடத்திலும் இப்போது ‘ஆனந்தவள்ளி’ என்றிருந்தது.

“அப்போ மாலையும் எனக்குத்தான மாமா?” என்று அதைக் கழற்றிக்கொண்டு போய், வாசலில் தன் பெயருக்குப் போட்டாள்.