ஆறுதலுக்கு லைசென்ஸ்

லைசென்ஸ் இல்லாதவர்கள் யாருக்கும் ஆறுதல் சொல்லக்கூடாது என்று சட்டம் வந்ததும் என் பியூட்டி பார்லரிலும் ஒட்டுக்கேட்கும் கருவியை மாட்டிவிட்டார்கள். அழுத ஒருத்தியிடம் "என்னாச்சுக்கா?" என்று கேட்டதற்குப் போன மாதம் கடைக்கு ஒரு வாரம் சீல் வைத்தார்கள். அதையெல்லாம் அதற்கென்று படித்தவர்கள்தான் கேட்க வேண்டுமாம். படித்தவர்களைப் பார்க்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை அழுகையை என்ன, ஃப்ரிட்ஜிலா வைப்பது?

மகனைப் பறிகொடுத்த ரெஜினாக்கா இன்றும் வந்து நாற்காலியில் சாய்ந்தார். புருவத்தில் நூலை வைத்ததுமே தேம்பித் தேம்பி அழுதார். கருவி அலறியது.

"த்ரெடிங் பண்ணா கண்ணு கலங்கத்தான் செய்யும்!" என்று அதைப் பார்த்துக் கத்தினேன். அடங்கியது.

தினமும் வந்து வந்து அக்காவின் புருவத்தில் ஒரு முடிகூட மிச்சமில்லை. வெறும் தோலில் நூலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் பண்ணும்மா" என்றார்.