எவ வீட்டு ரத்தம்?

"நம்ம கேட்டது நடக்கிறவரைக்கும் ஒருத்தரும் காப்பியைத் தொடக் கூடாது!" என்று உம்மு கஸ்ஸான் மூச்சிரைக்கக் கத்தினாள்.

மகன் கஸ்ஸானைத் தலாக் சொல்லவைப்பதற்காக, குடும்பப் பெரியவர்களையெல்லாம் அம்மான் நகர ஆஸ்பத்திரிக்கே திரட்டி வந்திருந்தாள். காப்பியைக் குடித்தால் கோரிக்கை முடிந்தது என்று பொருள்; அது அவர்கள் வழக்கம். டாக்டர் கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மருமகள் சவ்சன் வெளுத்துக் கிடந்த குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"பிள்ளைக்குச் சோகை, இதயத்துல ஓட்டை. எல்லாம் இவ வீட்டு ரத்தம்!" மறுபடியும் உம்மு கஸ்ஸானுக்கு மூச்சு வாங்கியது.

"ரத்தம், இதயம் ரெண்டும் சரியா உருவாக ஒரே மரபணு வேலை செய்யுதும்மா. துத்தநாக விரல் மரபணுன்னு சொல்வோம். அதுலதான் பழுது," என்றார் டாக்டர்.

"விரலாம், துத்தநாகமாம்! அது யாருகிட்டேர்ந்து வந்துச்சு? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க!"

"உங்க மகன்கிட்டேர்ந்து."

கஸ்ஸான் தலையைக் குனிந்துகொண்டான். உம்மு கஸ்ஸான் சட்டென்று தன் கணவர் அபூ கஸ்ஸான் பக்கம் திரும்பினாள். "அதானே பாத்தேன்! உங்க வம்சத்துல எவன் நெஞ்சு நல்லா இருந்துச்சு?"

"அவரையும் சோதிச்சாச்சு. அவருக்குப் பழுது இல்ல," என்றார் டாக்டர்.

அபூ கஸ்ஸான் காப்பியை எடுத்து நிதானமாகக் குடித்தார். பெரியவர்களும் ஒவ்வொருவராகக் கோப்பையை எடுத்தார்கள்.

டாக்டர் உம்மு கஸ்ஸானின் வெளிறிய நகங்களைப் பார்த்தார். "இந்த மூச்சிரைப்பு உங்களுக்கு எவ்வளவு நாளா இருக்கு?"

சவ்சன்தான் பதில் சொன்னாள்.

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்தே இருக்கு டாக்டர். எம்மேல உள்ள கோபம்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!"